பூஞ்சை சுருங்காமல் படமாக

கேள்வி: ரொட்டியில் படர்ந்த கறுப்புப் பூஞ்சையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தோம். இழைகள் தட்டையாகிக் கிடந்தன, வித்துகளும் குறைவு. என்ன தவறு?
– முதுகலை மாணவி, திருச்சி

பதில்: காரணம் தண்ணீர்தான். பூஞ்சை இழையின் பெரும்பகுதி நீர், நுண்ணோக்கிக்குள்ளோ வெற்றிடம். நீர் ஆவியாகும்போது அதன் பரப்பு இழுவிசை செல்சுவரை உள்ளிழுத்து, சுண்டைக்காய் வற்றல்போல் சுருக்கிவிடும்.

முதலில் 2.5 சதவீத குளூட்டரால்டிஹைடில் ஊறவையுங்கள். புரதங்கள் பிணைந்து உருவம் நிலைக்கும். தாங்கல் கரைசலில் கழுவி, 30, 50, 70, 90, 100 சதவீத எத்தனாலில் படிப்படியாக மாற்றுங்கள். நேரே 100க்குப் போனால் செல்கள் ஒடுங்கிவிடும். கடைசியில் மாறுநிலை உலர்த்தல்: எத்தனாலுக்குப் பதில் திரவக் கார்பன் டை ஆக்சைடை நிரப்பி, 31 டிகிரி செல்சியஸ், 73 வளிமண்டல அழுத்தம் ஆகிய இரண்டையும் தாண்டச் செய்தால் திரவம், வாயு என்ற பேதமே மறைந்துவிடும். பரப்பு இல்லாத இடத்தில் இழுவிசையும் இல்லை. பிறகு மெல்லிய தங்கப் பூச்சு கொடுங்கள், மின்னூட்டம் தேங்காது.

வித்துகள் குறைந்ததற்குக் காரணம் வேறு. உங்கள் கறுப்புப் பூஞ்சை ஆஸ்பர்ஜில்லஸ் இனமாக இருந்தால், அதன் வித்துகளின் மேல் நீர் ஒட்டாத புரதப் படலம் உண்டு. கரைசலில் அவை எளிதில் உதிர்ந்து மிதந்துவிடும். ஆகவே, வித்துத் தலைகளைப் படமெடுக்கத் தனியாக ஒரு துண்டு அகார் வெட்டி, மூடிய கலத்தில் ஆஸ்மியம் டெட்ராக்சைடு ஆவியில் வைத்துப் பதப்படுத்தி, காற்றில் உலர்த்துங்கள். அந்த ஆவி கண்ணைக் கெடுக்கும். புகை உறிஞ்சும் பெட்டிக்கு வெளியே குப்பியைத் திறக்கவே கூடாது.