ஃபயர்வால் வாங்கணுமா? முதல்ல இதைப் பாருங்க!

அரியமங்கலத்தில் வீட்டிலிருந்தே வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கிறீர்களா? ஆதார், ரேஷன் கார்டு நகல் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தானே இருக்கும்! அதற்காக ஃபயர்வால் வாங்க அவசரப்படாதீங்க. 2004-இல் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்ததிலிருந்தே விண்டோஸில் அது இலவசமாக இயங்குகிறது. ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யில் ‘ஆன்’ என்றிருந்தால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். கட்டண ஆன்டிவைரஸிலும் ஃபயர்வால் இருந்தால், ஏதாவது ஒன்றே இயங்கட்டும். இரண்டும் மோதினால் இணையம் தடைபடலாம்.

மாடி வீட்டுக்காரரோடு வைஃபையைப் பகிர்கிறீர்களா? ‘பப்ளிக் நெட்வொர்க்’ என மாற்றுங்கள். ஏதோ ஒரு மென்பொருள் திடீரென அனுமதி கேட்டால், பெயர் தெரியாமல் ‘அலோ’ கொடுக்காதீங்க. வைரஸ் சந்தேகமா? மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் இலவசக் கருவிகள் உண்டு.

நீங்களே ஓடிபி சொல்லிவிட்டால் எந்த ஃபயர்வாலும் தடுக்காது. பணம் போனால் உடனே 1930-ஐ அழையுங்கள்.