பெரியவர்களுக்கு இணையம் பழக்க எந்தக் கணினி தகும்?

சிராங்கூன் சாலையை ஒட்டிய தெருவொன்றில் மசாலைக் கடை நடத்தும் பெரியவர் ஒருவரை நாம் அறிவோம். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கல்லாப்பெட்டிச் சாவியை ஒருநாளும் பிறர் கையில் கொடுத்தவரல்லர். அப்படிப்பட்டவர், பாங்கியிலிருந்து கைத்தொலைபேசிக்குச் செய்தி வந்தால், "தம்பி, இதிலே என்ன வந்திருக்குன்னு பாரு" என்று கடைப் பையனிடம் நீட்டிவிடுவார். சிங்பாஸ் ரகசியச் சொல்லும் பையனுக்குத் தெரியும். பையன் நல்லவன்; அது வேறு விஷயம். சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு பெட்டியைப் பிறரிடம் ஒப்படைத்தது போலல்லவா இது?

இத்தகைய பெரியவர்கள் ஐவருக்கு இணையம் பழக்கலாமென்று சென்ற வருஷம் நமது கடை மாடியில் ஏற்பாடு செய்தோம். வியாபாரி புத்தி நம்மை விடுமா? மலிவாகக் கிடைத்த பழைய சிறு மடிக்கணினிகள் ஐந்தை மொத்தமாகப் பேசி வாங்கிவிட்டோம். எழுத்துப் பொடியாகத் தெரிந்தது. அம்புக்குறி ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒரு பக்கம் திறப்பதற்குள் தேநீர் ஆறிப்போயிற்று. "எனக்கு மூளை மழுங்கிப் போச்சு தம்பி, இனி இது ஏறாது" என்று சொல்லிப் போன இருவர் மறுநாள் வரவில்லை. குறை அவர்கள் மூளையில் இல்லை; நமது கொள்முதலில் இருந்தது. நஷ்டப்பட்டுக் கற்ற பாடத்தைச் சகோதர வியாபாரிகளுக்குச் சொல்கிறோம்.

முதலாவது, கண். நாற்பது வயதுக்குமேல் கண்ணின் வில்லை இறுகி, கிட்டப் பார்வை குறைகிறது. ஆகவே திரை 15 அங்குலத்துக்குக் குறையலாகாது; மேசைக் கணினியானால் 22 அங்குலம் நலம். மேல்விளக்கின் ஒளி பிரதிபலிக்காத மங்கல் திரையாகப் பார்த்து வாங்கி, எழுத்தின் அளவை 125 அல்லது 150 சதவீதமாக்கி வையுங்கள்.

இரண்டாவது, கை. மடிக்கணினியின் தொடுபலகை நடுங்கும் விரலுக்கு ஒத்துவராது. கம்பியுள்ள மவுஸ் ஒன்றைத் தனியே வாங்கி, அம்புக்குறியைப் பெரிதாக்கி, அதன் வேகத்தைக் குறைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது, மொழி. 1995லேயே சிங்கப்பூர்ப் பேராசிரியர் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் இவ்வூரிலிருந்து தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறின. அப்படியிருக்க, தமிழில் படித்த பெரியவரை ஆங்கிலத்துக்கு அஞ்சி ஒதுங்க விடலாமா? இன்றைய கணினிகளில் தமிழ் எழுத்து உள்ளமைந்தே வருகிறது. அதை முதல் நாளே திறந்து காட்டவேண்டும். தம் பெயரைத் தமிழில் திரையில் கண்டவுடன் அச்சம் விலகுவதை நாம் கண்ணாரக் கண்டோம்.

நான்காவது, இயந்திரத்தின் ஆயுள். விண்டோஸ் 10க்கு வழக்கமாக வந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டன. 2017க்கு முந்திய கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11ஐ முறையாக ஏற்பதில்லை. பழைய சாமான் மலிவாவதற்கு இதுவும் ஒரு காரணம். பூட்டில்லாத கடையில் பணம் எண்ணப் பழக்குவது தகுமா? பழையதே வாங்கினாலும் விண்டோஸ் 11 ஓடுகிறதா, நினைவகம் 8 ஜிபி உண்டா, சுழலும் வட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி இருக்கிறதா என்று பார்த்த பின்பே விலை பேசுங்கள்.

ஐந்தாவது, பெரியவரின் சொந்தக் கருவி. வகுப்பில் கணினி, வீட்டில் கைத்தொலைபேசி மட்டும் என்றால் பாடம் வாசற்படியோடு நின்றுவிடும். பெரிய திரையில் காட்டியதை அன்றே அவரவர் தொலைபேசியிலும் செய்ய வைக்கவேண்டும். 2020ல் அரசாங்கம் தொடங்கிய முதியோர் மின்னிலக்கத் திட்டமும் கைத்தொலைபேசிப் பழக்கத்துக்கே முதலிடம் தந்தது. ஒருமுறைக் கடவு எண்ணை எவருக்கும் சொல்லலாகாது, சந்தேகம் வந்தால் 1799க்கு அழைக்கவேண்டும் என்ற இரண்டையும் முதல் பாடத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கப் போகும்போது பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் திரையைப் படித்து, மவுஸை நகர்த்தி, "சரி" என்ற பிறகு பணம் கொடுங்கள். நாம் தவறியது அங்கேதான்.

சாமானை மாற்றினோம், போன இருவரையும் வீட்டுக்குப் போய் அழைத்து வந்தோம். மூன்றாம் வாரம் மசாலைக் கடைப் பெரியவர் தம் தொலைபேசியில் சிங்பாஸ் ரகசியச் சொல்லைத் தாமே மாற்றினார். புதுச் சொல் எதுவென்று பையனுக்கும் சொல்லவில்லை, நமக்கும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.