கண்காட்சிக்குப் படம் கொடுக்கும் முன்

உள்ளூர் ஓவியர்கள் சேர்ந்து நடத்தும் கண்காட்சியில் புதிதாகப் படம் வைப்பவர்கள் பலருக்கும் வரும் சங்கடம் இது. கண்காட்சி முடிந்து வாரங்கள் ஆகின்றன. கொடுத்ததில் ஒரு படம் திரும்பவில்லை. விற்றுவிட்டதா, எங்காவது கிடக்கிறதா, தெரியவில்லை. கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வார்களோ என்று தயக்கம்.

தயங்காமல் கேளுங்கள், பதற்றமும் வேண்டாம். பெரும்பாலும் இதில் ஏமாற்று இருப்பதில்லை. நடத்துபவர்களும் உங்களைப் போன்ற ஓவியர்களே. கடைசி நாள் இரவு அரங்கைக் காலி செய்யும் அவசரத்தில், பெயர் எழுதாத படங்கள் கலந்துவிடுகின்றன. தலைப்பு, அளவு, ஒப்படைத்த நாள் மூன்றையும் குறித்து, படத்தின் புகைப்படத்தோடு எழுத்தில் விசாரியுங்கள்.

இந்த விவரங்களை உடனே எடுத்துத் தர முடியவில்லை என்றால், சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. எத்தனை படங்கள் வெளியே இருக்கின்றன என்று சொல்ல முடியாமல் போவது, ஒரே படத்துக்கு இருவரிடம் இரண்டு விலை சொல்லியிருப்பது, விற்ற படத்துக்கு நல்ல புகைப்படம் இல்லாதது: இவை முன்கூட்டியே தெரியும் அறிகுறிகள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். படத்துக்கு ஓர் எண், தலைப்பு, ஆண்டு, அளவு, விலை, இப்போது யாரிடம் இருக்கிறது என்ற குறிப்பு. கண்ணாடி போடும் முன்பே புகைப்படம் எடுங்கள்; நேர் வெயில் விழாத ஜன்னலோரம், ஃபிளாஷ் இல்லாமல், கேமரா படத்துக்கு நேரெதிரே. தாளின் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் பெயரும் எண்ணும் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் தடம் பதிக்கும்.

படத்தை ஒப்படைக்கும்போது ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பழகியவரிடம் எழுதி வாங்குவது மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு; நட்பைக் காப்பாற்றுவதே அந்தச் சீட்டுதான். பொதுவாக இப்படிப் படம் கொடுப்பது ஒப்படைப்பு விற்பனை (விற்கும்வரை படம் உங்கள் உடைமை, விற்றால் கமிஷன் போக மீதி உங்களுக்கு). கமிஷன் எவ்வளவு, பணம் எத்தனை நாளில், வழியில் சேதமானால் யார் பொறுப்பு என்ற மூன்றும் சீட்டில் இருக்க வேண்டும்.

மழைக்கால ஈரத்துக்குப் பயந்து நீர்வண்ணப் படத்தை லேமினேஷன் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பசையைத் தாளிலிருந்து பிரிக்க முடியாது. கண்ணாடி தாளில் படாதபடி இடையே அமிலமற்ற மவுண்ட் அட்டை (தாளைப் பழுப்பாக்காத அட்டை) வைத்து ஃபிரேம் போட்டால் போதும்.

படத்தை விற்றாலும் பதிப்புரிமை (நகலெடுத்து வெளியிடும் உரிமை) தானாகக் கைமாறாது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, அதை எழுத்தில் கையெழுத்திட்டே மாற்றித் தர முடியும். வாங்கியவர் உங்கள் படத்தைக் காலண்டரில் அச்சிட விரும்பினால் உங்களிடம் கேட்க வேண்டும். ஒரு விதிவிலக்கைக் கவனியுங்கள்: ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து வரையச் சொன்ன படத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உரிமை அவருக்கே. உருவப்படம் வரைபவர்கள் பலர் இதை அறியாமலே முன்பணம் வாங்குகிறார்கள். தனக்குத் தானே பதிவுத் தபால் அனுப்பினால் உரிமை கிடைக்கும் என்பது வெறும் நம்பிக்கை. வரைந்தபோதே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை.

ஒரு படம் தொலைந்த கசப்பில் உள்ளூர்க் குழுவை விட்டு விலகாதீர்கள். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர்கள், கூட்டாக பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில்தான் நிலம் வாங்கினார்கள். தனியாக அவர்களில் எவராலும் அது முடிந்திருக்காது. குழுவில் இருந்துகொண்டே, அடுத்த கண்காட்சிக்கு எல்லோருக்கும் பொதுவான சீட்டு ஒன்றை அச்சிடும் பொறுப்பை நீங்களே ஏற்கலாம்.

படங்களைத் திரும்ப எடுக்கும் நாளில் அரங்கிலேயே பிரித்துப் பாருங்கள். கண்ணாடியில் விரிசலோ மூலையில் அடியோ இருந்தால், புகைப்படம் எடுத்து, சீட்டில் குறித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.