வழுவும் வாய்மையும்

ஆய்வுகூடத்தில் தாம் பெற்ற விடை நூலிலுள்ள விடையோடு ஒவ்வாதவிடத்து மாணவர் பலர் அஞ்சுகின்றனர். சிலர் வாசிப்பையே அழித்து மாற்றியெழுதவும் துணிகின்றனர். வழு என்பது குற்றமன்று. அளவீட்டின் தரத்தை உணர்த்தும் அளவுகோலே அது. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்க முற்படுகின்றோம்.

1981 ஆம் ஆண்டில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் அமைந்துள்ள வந்தாறுமூலையில், ஒரு மீற்றர் நீளமான எளிய ஊசலை ஆட்டுவதாகக் கொள்வோம். 20 அலைவுகளுக்கு 40.2 செக்கன் செல்லின், அலைவுகாலம் 2.01 செக்கன். இதிலிருந்து ஈர்ப்பினாலாகிய ஆர்முடுகலைக் கணித்தால், மீற்றர், செக்கன் அலகுகளில் 9.77 கிடைக்கும்.

அளந்த பெறுமானத்துக்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட பெறுமானத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பின்னதால் வகுத்து, 100 ஆற் பெருக்குக. அதுவே நூற்றுவீத வழு. நூல்களிற் காணும் 9.81 ஐக் கொண்டால் வழு 0.4 வீதமாகும். ஆயின், 9.81 இலண்டன், பாரிசு போன்ற வடபுல நகரங்களுக்குப் பொருந்துவது. பூமி சுழல்வதாலும் நடுவிற் பருத்திருப்பதாலும் மத்தியகோட்டையடுத்து ஈர்ப்புக் குறைகின்றது. ஏறத்தாழ 8 பாகை வட அகலக்கோட்டிலுள்ள வந்தாறுமூலைக்கு உரியது 9.78. இதனைக் கொண்டால் வழு 0.1 வீதமே.

எனினும், இது கண்டு இறுமாத்தல் வேண்டா. கடிகாரத்தை நிறுத்துகையில் கை 0.2 செக்கன் பிந்தினும் காலத்தில் அரை வீத வழு நேரும். காலம் வர்க்கமாக வருதலின் விடையில் அது ஒரு வீதமாகும். எனவே 9.78, 9.81 என்னும் இரண்டனுள் எது சரியென 20 அலைவுகளால் துணிதல் இயலாது. நீளத்தை மில்லிமீற்றர் வரை திருத்தமாக அளந்து, 200 அலைவுகளை எண்ணினால் இயலும். வழு 10 வீதமளவு வருமாயின், எண்ணிக்கையில் ஓர் அலைவு தவறியதோ என ஆராய்க. இவ்வாறு வழுவே வழிகாட்டியாகின்றது.

1672 இல் கயேன் நகர் சென்ற இரிச்சர் என்னும் பிரெஞ்சு அறிஞர், பாரிசிற் செவ்வனே ஓடிய ஊசற் கடிகாரம் அங்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம் பிந்தக் கண்டார். கண்டதை அவர் மறைத்தாரல்லர். 1687 இல் நியூற்றன் தமது பெருநூலில், பூமி முழுக்கோளமன்று என்பதற்கு அதனைச் சான்றாகக் கொண்டார்.

ஆதலின், மாணவர்காள், கண்டதைக் கண்டவாறே எழுதுமின்! திருத்தியெழுதிய வாசிப்பு மதிப்பெண்ணைத் தரலாம், உண்மையைத் தாராது.