விமானம் எழும் விதம்

வானில் முழங்கிச் செல்லும் விமானத்தை அண்ணாந்து நோக்கி மகிழாத சிறுவர் இலர். நூற்றுக்கணக்கான மக்களையும் அவர்தம் உடைமைகளையும் சுமந்த அவ்வூர்தி, பற்றுக்கோடு ஒன்றுமின்றி வானில் நிற்பது எங்ஙனம்? மாணவர்களே! இவ்வினாவிற்கு உலகில் வழங்கும் விடைகளுள் சில பிழையுடையன. மெய்யான விடையையும் அப்பிழைகளையும் ஈண்டுக் காண்போம்.

பற்றுக்கோடு இல்லை என்று கருதுவதே முதற் பிழை. காற்றும் ஒரு பொருளே. அதற்கும் எடை உண்டு. ஒரு மீட்டர் நீளமும் அகலமும் உயரமும் உள்ள பெட்டியில் அடங்கும் காற்று ஏறத்தாழ 1.2 கிலோகிராம் எடையுள்ளது. காற்று நன்கு வீசும் வெளியில், அதற்கு எதிர்முகமாக நின்று, ஓர் அட்டையின் முன்விளிம்பைச் சற்றே உயர்த்திப் பிடியுங்கள். அட்டை மேல்நோக்கி எழ முயல்வதைக் கை உணரும். அட்டை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகின்றது. காற்று அட்டையை மேல்நோக்கித் தள்ளுகின்றது. ஒவ்வொரு வினைக்கும் அதற்குச் சமமான எதிர்வினை உண்டு என்று நியூட்டன் வகுத்த விதி இதுவே. விமானத்தின் இறக்கையும் விரைந்து செல்லுங்கால், தன் மேலும் கீழும் ஓடும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகின்றது. அப்பொழுது இறக்கையின் மேற்புறத்துக் காற்றழுத்தம், கீழ்ப்புறத்து அழுத்தத்தினும் குறைகின்றது. அவ்வேறுபாடு விமானத்தைத் தாங்குகின்றது. காற்றைக் கீழே திருப்புதலும் அழுத்த வேறுபாடும் ஒரே நிகழ்ச்சியின் இரு கூறுகள் என அறிக.

இனி, பலரும் கூறும் விளக்கம் ஒன்று உண்டு. இறக்கையின் மேற்புறம் வளைந்திருப்பதால் அவ்வழிச் செல்லும் காற்றுக்குத் தொலைவு மிகுதி; முன்விளிம்பில் பிரிந்த காற்று பின்விளிம்பில் ஒரே நேரத்தில் வந்து கூடவேண்டும்; ஆதலின் மேற்காற்று விரைகின்றது என்பர். யானும் பல்லாண்டு வகுப்பில் இவ்வாறே உரைத்து வந்தேன். ஒருநாள் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, ஒரே நேரத்தில் வந்து கூடவேண்டும் என்று காற்றுக்குக் கட்டளையிட்டவர் யார்?" என்று வினவினான். வகுப்பு நகைத்தது, யானோ விடையறியாது நின்றேன். அன்று மாலையே அறிவியல் ஆசிரியரை நாடி உண்மை உணர்ந்தேன். அங்ஙனம் கூடவேண்டும் என்னும் விதி யாதும் இல்லை. புகையைக் காற்றுடன் ஓடவிட்டு நோக்கினால், மேற்காற்றே பின்விளிம்பை முன்னதாக அடைதல் புலனாகும். மேற்காற்று விரைவது உண்மை. அதற்குக் கூறிய காரணமே பொய். மேலும், தலைகீழாகப் பறக்கும் விமானங்களும் உண்டு. மேற்புற வளைவே காரணமாயின் அவை வீழ்ந்தொழியும் அன்றோ? மறுநாள் என் பிழையை வகுப்பில் கூறி, அம்மாணவனைப் பாராட்டினேன்.

சக்கரங்கள் விரைந்து சுழல்வதால் விமானம் எழுகின்றது என்பது மற்றொரு திரிபு. மோட்டார் வண்டியின் பொறி சக்கரங்களைச் சுழற்றுகின்றது. விமானத்தின் பொறியோ காற்றைப் பின்னோக்கித் தள்ளி, அதன் எதிர்வினையால் விமானத்தை முன்செலுத்துகின்றது. சக்கரங்கள் உடன் உருள்வன, அவ்வளவே. விமானம் எழுதற்கு வேண்டுவது நிலத்தைக் கடக்கும் வேகம் அன்று. காற்றை எதிர்க்கும் வேகமே.

இதற்கு முதற் பறப்பே சான்று. அமெரிக்க நாட்டில் கிட்டி ஹாக் என்னும் ஊரை அடுத்த மணல்வெளியில், 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள், ரைட் சகோதரருள் இளையவரான ஆர்வில், பொறி பூட்டிய விமானத்தில் பறந்தார். 12 விநாடியில் அவர் கடந்தது 120 அடியே. அஃதாவது, விநாடிக்கு 10 அடி. தமையனார் வில்பர், விமானம் எழும்வரை அதன் இறக்கையைப் பற்றிக்கொண்டு உடன் ஓடினார். இத்துணைக் குறைந்த வேகத்தில் அது எழுந்தது எவ்வாறு? அன்று எதிர்க்காற்று விநாடிக்கு ஏறத்தாழ 35 அடி வேகத்தில் வீசியது. ஆகவே இறக்கை காற்றை எதிர்த்த வேகம் 45 அடியாயிற்று. இதுபற்றியே இன்றும் விமானிகள் இயன்றவரை காற்றை எதிர்நோக்கி விமானத்தை எழுப்புகின்றனர்.

முன்பக்கத்தை உயர்த்த உயர்த்த விமானம் மேலே செல்லும் என்று எண்ணுதலும் தவறு. பொதுவாக ஏறத்தாழ 15 பாகை அளவைக் கடந்து இறக்கை சாயுமாயின், மேற்புறக் காற்று இறக்கையை ஒட்டி ஓடாது சிதறும். தாங்கும் ஆற்றல் திடீரெனக் குறையும். ஜெர்மனி நாட்டு ஆட்டோ லிலியந்தால் பொறியில்லாச் சறுக்கு விமானங்களில் பன்முறை பறந்தவர். 1896-ஆம் ஆண்டு அவர் பறக்கையில் அவரது விமானம் இவ்வாறே ஆற்றல் இழந்து வீழ்ந்தது. மறுநாள் அவர் உயிர் நீத்தார்.

அச்செய்தி, மிதிவண்டி செய்து விற்றுவந்த ரைட் சகோதரரின் உள்ளத்தைத் தொட்டது. அவர்கள் அத்துறையில் முனைந்தனர். 1901-இல் அவர்கள் அமைத்த சறுக்கு விமானம், கணக்கிட்ட அளவில் மூன்றிலொரு பங்கே மேலெழும் விசை தந்தது. அவர்கள் மனம் தளர்ந்தனர். எனினும் முயற்சியைக் கைவிட்டாரில்லர். நூறாண்டுக்கும் மேலாக அறிஞர் கையாண்டு வந்த கணக்கெண்ணையே ஐயுற்றனர். அது பிழையெனக் கண்டனர். பெட்டி ஒன்றினுள் விசிறியால் காற்றைச் செலுத்தி, ஏறத்தாழ 200 சிறிய இறக்கை வடிவங்களை ஆராய்ந்து, புதிய அளவுகளை வகுத்தனர். அவ்வளவுகளே பின்னர் அவர்களை வானில் ஏற்றின.

மாணவர்களே! நூலில் உள்ளதாயினும், ஆசிரியர் உரைத்ததாயினும், விளங்காததை அடக்கத்துடன் வினவுங்கள். உங்களிடத்தே பிழை காணின், அதனைத் திருத்திக்கொள்ள நாணாதீர்கள்.