பல்வலியும் குருதியழுத்தமும்

பிணிகள் பலவற்றுள்ளும் பல்வலியைச் சிறிதென எள்ளுதல் நம்மனோர்க்கு இயல்பாயிற்று. சென்ற விடுமுறையில் யாம், திருக்கழுக்குன்றத்திற்கும் கல்பாக்கத்திற்கும் இடைப்பட்ட அணுபுரத்தில் எம் சிற்றப்பா இல்லத்தில் தங்கியிருந்தேம். அணு ஆராய்ச்சியாளர் வாழும் அவ்வூரிலும், அவர் மூன்றிரவு கன்னத்திற் கைவைத்துக் கிராம்புத் தைலமே துணையெனக் கிடந்தார். நான்காம் நாள் மருத்துவர் அவர்தம் குருதியழுத்தத்தை அளக்க, 160/100 எனக் காட்டிற்று. பல் நோவிற்கும் குருதிக்கும் யாது தொடர்பு? அதனை ஈண்டு ஆராய்வாம்.

பல்லின் நடுவே நரம்பும் குருதிக்குழாயும் செறிந்த பற்கூழ் உளது. சொத்தை வழியே கிருமிகள் உட்புகின் அக்கூழ் வீங்க முயலும். சூழ்ந்த வன்சுவரோ இடங்கொடாது. அந்நெருக்கமே வலியாம். அதனை ஐந்தாம் மூளை நரம்பாகிய முக்கிளை நரம்பு மூளைத்தண்டிற்கு எடுத்துச் செல்லும். ஆண்டுநின்று பெருமூளையை எய்தியபின்னரே வலியென உணர்கின்றோம். முகத்தின் பல பகுதிகட்கும் அந்நரம்பே பொதுவாதலின், பல்லின் நோய் காதிலும் நெற்றிப்பொட்டிலும் தோன்றுதல் உண்டு.

வலியைப் பகையெனக் கொண்ட மூளை உடலைப் போருக்கு ஆயத்தமாக்கும். சிறுநீரகத்தின் மேலமர்ந்த சுரப்பிகள் அட்ரினலினைச் சொரியும், இதயம் விரையும், குழாய்கள் சுருங்கும், அழுத்தம் உயரும். உறக்கமின்மையும் அதற்குத் துணைசெய்யும். ஐபுபுரூபன் போன்ற வலிநீக்கிகளும் அழுத்தத்தை உயர்த்த வல்லன.

1896இல் இத்தாலிய மருத்துவர் ரீவா ரோச்சி கைப்பட்டைக் கருவியை அமைத்தது முதல் இவ்வழுத்தத்தை அளத்தல் எளிதாயிற்று. எனினும் வலிக்காலத்து அளவொன்றையே கொண்டு நோய் உண்டெனத் துணிதலும், எல்லாம் வலியின் செயலென்று புறக்கணித்தலும் ஒருங்கே தவறாம். வலி தீர்ந்தபின் மீண்டும் அளத்தலே முறை.

மற்றொன்றும் அறியற்பாலது. வலி தானே நிற்பின் நோய் நீங்கிற்றென மகிழ்தல் கூடாது. பற்கூழ் மடிந்தமையாலும் வலி நிற்கும். சீழோ உள்ளே பரவும். அரிதாக மூளையையும் எட்டி உயிர்க்கு இறுதி செய்யும். இனி, நடக்குங்கால் கீழ்த்தாடையில் எழுந்து, இருந்தால் அடங்கும் வலி இதய நோயின் குறியாதலும் உண்டு.

சிற்றப்பாவின் பல் களையப்பட்டது. பத்து நாள் கழித்து அளந்தபோது அழுத்தம் தணிந்திருந்தது. ஆயினும் இயல்பிற்கு வந்திலது. நெடுநாள் ஒளிந்திருந்த நோயை அப்பல்லே காட்டிக்கொடுத்தது. இன்று அவர் நாடோறும் மருந்துண்கின்றார். பல்வலி பகையன்று, வாயில் தட்டி எழுப்பும் தூதாம். அத்தூதினைக் கிராம்பினால் வாயடைத்தல் அறிவுடைமை ஆகாது.