தாகமாயிருப்பவனுக்குத் தண்ணீர்: காலராவைப் பற்றி ஒரு பாடம்



ஒரு மழைக்காலத்தின் அதிகாலையில், இரண்டு வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் நம் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். கண்கள் குழிவிழுந்து, அழக்கூடப் பெலனில்லாமல் குழந்தை துவண்டு கிடந்தது. "ராத்திரியிலிருந்து குடிக்க என்ன கொடுத்தாய்?" என்று டாக்டரம்மா கேட்டார். "தண்ணி குடுத்தா இன்னும் அதிகமா போகும்னு வீட்டுல பெரியவங்க சொன்னாங்கம்மா. நாக்கைக்கூட நனைக்கலை" என்றாள் அவள்.

உடனே டிரிப் ஏற்றப்பட்டது. கர்த்தருடைய கிருபையால் அந்தக் குழந்தை பிழைத்தது. ஆனால் மூன்று நாட்களுக்கு முன் அதே தெருவில் வயிற்றுப்போக்குக் கண்ட இன்னொரு குழந்தை, நம் வாசலை எட்டாமலே மரித்துப்போனதைப் பின்பு அறிந்தோம். அந்தத் தெருவில் நாங்கள் பல வருடங்கள் வீட்டு ஜெபம் நடத்தியிருக்கிறோம். ஒரு தரமாவது இந்த நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தோமா? இல்லை. அந்த வெட்கத்தோடுதான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

நோயின் காரணம்

நம் முன்னோர் 'வாந்திபேதி' என்று சொல்லி அஞ்சிய நோயே காலரா. இதை உண்டாக்குவது விப்ரியோ காலரே என்னும் கிருமி. காற்புள்ளியைப் போலச் சற்றே வளைந்த உருவமுடையது. இத்தாலி தேசத்து பிலிப்போ பசினி 1854-ல் இதை உருப்பெருக்கியில் கண்டார். ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் 1884-ல் கல்கத்தாவில் இதைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார். நம் சென்னையிலும் 1992-ல் ஓ139 என்னும் புதுவகைக் கிருமி கண்டறியப்பட்டது. ஆகவே இதைப் பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம்.

இந்தக் கிருமி குடலைத் தின்பதில்லை. குடலின் சுவரில் தங்கி ஒரு நச்சுப்பொருளைச் சுரக்கிறது. கல்கத்தா மருத்துவர் சம்புநாத் தே 1959-ல் இதை நிரூபித்தார். அந்த நச்சினால் உடம்பிலுள்ள நீரும் உப்பும் குடலுக்குள் கொட்டுகின்றன. அரிசி கழுவிய தண்ணீரைப் போல மலம் போகிறது. நோய் கடுமையானால் பெரியவர் ஒருவருக்கு மணிக்கு ஒரு லிட்டர்வரை நீர் வெளியேறலாம். சிகிச்சையின்றி விட்டால் சில மணி நேரத்திலேயே மரணம் நேரலாம். ஆளைக் கொல்வது உடம்பின் நீர் வற்றிப்போவதே. இதை நினைவில் வைத்தால் சிகிச்சை தானே விளங்கும்.

பரவும் விதம்

நோயாளியின் மலத்திலுள்ள கிருமி, குடிநீரிலோ உணவிலோ கலந்து மற்றவருடைய வாய்க்குள் செல்கிறது. உட்சென்ற சில மணி நேரம் முதல் ஐந்து நாட்களுக்குள் நோய் தோன்றும். கிருமியைச் சுமந்தும் நோயில்லாமல் நடமாடுகிறவர்களும் உண்டு. அவர்களாலும் நோய் பரவும்.

1854-ல் லண்டன் மாநகரில் பிராட் தெரு என்னுமிடத்தில் காலரா பரவி அறுநூறுக்கும் மேற்பட்டோர் மரித்தனர். கெட்ட காற்றினால் நோய் வருகிறது என்று அந்நாளில் பலரும் நம்பினர். டாக்டர் ஜான் ஸ்னோ என்பவர், மரித்தவர்களில் பெரும்பாலோர் அத்தெருவின் அடிபம்பில் தண்ணீர் பிடித்தவர்கள் என்று கண்டு சொன்னார். செப்டம்பர் 8-ம் தேதி அந்தப் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது.

அந்தப் பகுதியிலிருந்த புனித லூக்கா ஆலயத்தின் உதவிக் குருவானவர் ஹென்றி வைட்ஹெட். ஸ்னோ சொன்னது தவறு என்று காட்டுவதற்காகவே அவர் விசாரிக்கத் தொடங்கினார். நோயாளிகளைச் சந்தித்த அதே வீடுகளுக்கு மறுபடியும் போனார். யார் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று பொறுமையாய்க் கேட்டார். விசாரிக்க விசாரிக்க, தன் எண்ணமே தவறு என்று உணர்ந்தார். 40-ம் எண் வீட்டில் நோயுற்று மரித்த ஒரு கைக்குழந்தையின் துணிகளை அலசிய நீர், வீட்டின் முன்னிருந்த மலக்குழியில் ஊற்றப்பட்டதைக் கண்டுபிடித்தவர் அவரே. தோண்டிப் பார்த்தபோது, மூன்றடிக்கும் குறைவான தூரத்திலிருந்த கிணற்றுக்குள் அந்தக் குழி கசிந்துகொண்டிருந்தது தெரிந்தது. வீடு சந்திப்பு எவ்வளவு பெரிய ஊழியம் என்பதை அந்தக் குருவானவரிடம் கற்கிறோம்.

சிகிச்சை

இழந்த நீரையும் உப்பையும் திரும்பக் கொடுப்பதே முதன்மையான சிகிச்சை. மிகவும் வற்றிப்போனவர்களுக்கு ரிங்கர் லாக்டேட் திரவத்தை இரத்தக்குழாய் வழியாக விரைவாய் ஏற்றவேண்டும். குடிக்கக்கூடிய மற்றவர்களுக்கு உப்பு சர்க்கரைக் கரைசலே போதும். காலரா நோயாளியின் குடல் வெறும் உப்பு நீரைச் சரியாக உறிஞ்சாது. சர்க்கரை சேரும்போது அது உப்பையும் உள்ளே கொண்டுபோகிறது. உப்பின் பின்னே தண்ணீரும் போகிறது.

1971-ல் வங்காளதேச யுத்தத்தின்போது லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்தனர். மேற்கு வங்காளத்தின் பன்காவ் ஊர் ஆஸ்பத்திரியில் காலரா நோயாளிகள் தரையிலும் கிடந்தார்கள். சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகலனாபிஸ், லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று பொட்டலம் கட்டி, பீப்பாய்களில் கரைத்து வைத்தார். நோயாளிகளின் உறவினர்களே பிடித்துக் கொடுத்தார்கள். 20 முதல் 30 சதவீதமாயிருந்த மரணம் 3.6 சதவீதமாகக் குறைந்தது.

தாய்மார்கள் அறியவேண்டியவை: கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கவும். கண்ணீரைவிட அதிகமாய் உப்புக் கரிக்கக் கூடாது. ஒருநாளுக்கு மேல் வைக்கக் கூடாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் திரும்பவும் கொடுக்கவும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. குழந்தைகளுக்கு மருத்துவர் துத்தநாக மாத்திரையும், கடுமையான நோய்க்கு டாக்சிசைக்ளின் போன்ற மருந்தும் தருவார். சோர்ந்து மயங்கினாலோ, குடிக்க முடியாமற்போனாலோ, சிறுநீர் நின்றாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். குடிக்க முடிந்தவரை வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். தகுந்த நேரத்தில் முறையாகச் சிகிச்சை பெற்றால் நூற்றுக்கு ஒருவர்கூட மரிக்கவேண்டியதில்லை.

தடுக்கும் வழி

பாளயத்துக்குப் புறம்பே போய், தோண்டி, மலத்தை மூடும்படி இஸ்ரவேலருக்குக் கட்டளை இருந்தது (உபாகமம் 23:12,13). கழிப்பறை உபயோகம், கொதிக்கவைத்த அல்லது குளோரின் கலந்த நீர், சோப்பினால் கை கழுவுதல் ஆகிய மூன்றும் நோயைத் தடுக்கும். வங்காளதேசக் கிராமங்களில் பழைய பருத்திச் சேலையை நான்காய் மடித்து நீரை வடிகட்டியபோது காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2003-ல் வெளியான ஆய்வு காட்டியது. கிருமி ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள் துணியில் தங்கிவிடுவதே காரணம். வாய்வழித் தடுப்பு மருந்தும் உண்டு. ஆனால் அது சுத்தமான நீருக்கு மாற்றாகாது.

பிரியமானவர்களே, தங்கள் ஊர்த் தண்ணீர் கெட்டது என்று எரிகோவின் மனிதர் முறையிட்டபோது, அது தன் வேலையல்ல என்று எலிசா அவர்களை அனுப்பிவிடவில்லை (2 இராஜாக்கள் 2:19-22). நாங்களோ வெகுகாலம் ஜெபம் எங்கள் பங்கு, தண்ணீர் டாக்டரின் பங்கு என்று பிரித்து வைத்திருந்தோம். இப்போது வார்டில் ஜெபித்து முடித்ததும் தம்ளரையும் கரண்டியையும் கையில் எடுக்கிறோம். தாயின் பக்கத்தில் உட்கார்ந்து கரைசல் கொடுக்கக் கற்றுத்தருகிறோம்.

உங்கள் காணிக்கைகள் சலைன் பாட்டில்களாகவும் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களாகவும் ஏழைகளைச் சென்று சேருகின்றன. அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம். இன்னொரு காணிக்கையும் கேட்கிறோம். இந்தப் பாடத்தை உங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் ஞாயிறு பள்ளியிலும் ஒரு தரம் வாசித்து, கரைசலைச் செய்து காட்டுங்கள். உங்கள் தெருவில் எந்தத் தாயும் தாகத்தோடிருக்கும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கப் பயப்படாதிருக்கட்டும்.

கர்த்தருடைய பணியில்,
ஆஸ்பத்திரி குருவானவர்